மாங்குளத்தில் இரண்டு நிமிடம்

இலட்சுமி: ...திரும்ப வாசி. கையை ஆட்டாத பிள்ளை. சந்தையில வெண்டிக்காய் விக்கிற மாதிரி இருக்கு.

சுதாஜினி: மாமி, குழப்பாதேங்கோ. "நான் ஒட்டுசுட்டானில இருந்து வந்த சுதாஜினி. என்ர கணவர் நிருஷன், பிரான்ஸுக்கு அனுப்பிறன் எண்ட ஏஜென்சிக்காரனை நம்பிப் போனவர். அவரை ரஷ்யாவில இறக்கி, விளங்காத பாசையில ஒரு பேப்பரில கையெழுத்து வாங்கி, பட்டாளத்தில சேர்த்து, உக்ரைன் சண்டைக்கு..."

இலட்சுமி: கணவராம். வீட்டில "இஞ்சருங்கோ" தான்.

சுதாஜினி: மேடையில நிண்டு இஞ்சருங்கோ எண்டேலுமே? சனம் சிரிக்கும்.

இலட்சுமி: சிரிக்கட்டும்... நீ போகாத, சுதா.

சுதாஜினி: திரும்பவும் தொடங்கிட்டியள்.

இலட்சுமி: வோட்டுக் கேட்டு வாறவன் உன்னைப் பக்கத்தில இருத்திப் படம் எடுப்பான். எலெக்சன் முடிய உன்ர பேரும் அவனுக்கு ஞாபகம் இராது.

சுதாஜினி: அது எனக்கும் தெரியும். ஆனா எலெக்சன் நேரத்திலதான் எங்களுக்கு மைக் தருவினம். நாளைக்கு மாங்குளச் சந்தியில ரெண்டு நிமிசம். இப்பிடி ஏமாந்து பட்டாளத்தில மாட்டின அஞ்சு வீட்டுக்காரர் வாறம். பூவரசங்குளத்தில இருந்து ரெண்டு குடும்பம். ஸுஹைப்பின்ர மனுசி றாபியாவும் கைப்பிள்ளையோட வாறா.

இலட்சுமி: ஸுஹைப்... இவனோட ஒரே பிளேனில போன பெடியன்.

சுதாஜினி: ஓம். ரெண்டு பேரும் ஒரே பங்கருக்கதான் எண்டு கடைசியா போன் எடுத்த நேரம் சொன்னவர்.

இலட்சுமி: கடைசியா எண்டு சொல்லாத.

சுதாஜினி: ...சரி. சொல்லேல்லை.

இலட்சுமி: சண்டைக்கு வீட்டுக்கு ஒராள் எண்டு இயக்கம் கேட்ட நேரம் மூத்தவனைக் குடுத்தன். அவன் திரும்பி வரேல்லை. இவனுக்கு அப்ப பன்ரெண்டு வயசு. ஆமிக்கும் விடேல்லை, இயக்கத்துக்கும் விடேல்லை. ஆரும் படலையைத் திறந்தா வாழைக்குள்ள ஒளிச்சுப் போடுவன். அப்பிடிக் காப்பாத்தின பிள்ளை... ஆரோ ரெண்டு நாடு அடிபடுறதுக்குத் தானாவே பிளேன் ஏறிப் போனான்.

சுதாஜினி: அவர் தெரிஞ்சு போகேல்லை மாமி.

இலட்சுமி: தெரியும். தெரியும். வயிறு எரியுது, சொல்லுறன்.

சுதாஜினி: அண்டைக்கு இந்த எரிச்சலை எங்கயாவது சொல்லியிருந்தா...

இலட்சுமி: ஆர் சொல்ல விட்டவை? சண்டை முடிஞ்ச பிறகு காணாமல்போன பிள்ளையளைக் கேட்டவையைப் பார். கிளிநொச்சியில, வவுனியாவில, றோட்டுக்கரையில படத்தோட இருந்து இருந்தே எத்தினை தாய்மார் செத்துப் போச்சினம். இருபத்தாறு வயசில நீயும் படத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கப் போறியோ?

சுதாஜினி: இருக்க மாட்டன். கதைச்சுப்போட்டு அடுத்த பஸ்ஸில வந்திடுவன். நீங்கள் வீட்டில நில்லுங்கோ.

இலட்சுமி: நீ போனா நானும் வருவன்.

சுதாஜினி: வேண்டாம் மாமி. மழை நாள். பஸ்ஸில நிண்டுகொண்டு வரவேண்டி வரும். முழங்கால் நோ எண்டுதானே இந்த முறை சஷ்டிக்கே கோயிலுக்குப் போகேல்லை?

இலட்சுமி: அது... ஓம்.

சுதாஜினி: ஆறு நாளும் விரதமிருந்து சூரன்போர் பாக்கிற ஆள் நீங்கள். இந்த முறை கோயில் பக்கமே போகேல்லை. தண்ணி அள்ள மட்டும் முழங்கால் நோகேல்லை போல.

இலட்சுமி: நீ மட்டும் என்னவாம்? சஷ்டி முடிஞ்சு மூண்டு நாள். ஒரு மீன் துண்டு காய்ச்சினியே?

சுதாஜினி: மீன்காரன் வாறேல்லை.

இலட்சுமி: நேற்றும் படலையடியில நிண்டு கூவினவன்.

சுதாஜினி: ...எனக்குக் கேக்கேல்லை.

இலட்சுமி: அந்தப் பேப்பரைத் தா.

சுதாஜினி: ஏன்? கிழிக்கப்போறியளோ? விடுங்கோ மாமி...

இலட்சுமி: "என்ர மனுசனைத் திருப்பித் தாங்கோ" எண்டு இவ்வளவு சனத்துக்கு முன்னால நீ கெஞ்ச வேண்டாம். என்னால அதைக் கேட்டுக்கொண்டு நிக்கேலாது.

சுதாஜினி: ஏன் கேக்கேலாது?

இலட்சுமி: செத்தவீட்டுத் துடக்கு இருக்கிறவை கோயில் வாசல் மிதிக்கக்கூடாது பிள்ளை. முப்பத்தொண்டாம் நாள் முடியவேணும்.

சுதாஜினி: இதில இருங்கோ மாமி.

இலட்சுமி: இருபத்திரெண்டு நாளாச்சு. ஸுஹைப் தம்பி என்ர போனுக்கு எடுத்தவன். குண்டு விழுந்து... நிருஷன்ர உடம்பைக்கூட எடுக்கேலாமப் போச்சாம். "தங்கச்சிக்கு நீங்களே சொல்லுங்கோம்மா" எண்டவன். எனக்கு வாய் வரேல்லை. நீ காலமை முகம் கழுவிப் பொட்டு வைக்கேக்க, நாளைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு... நான் பாவி. என்னை மன்னிச்சுக்கொள்.

சுதாஜினி: அழாதேங்கோ மாமி. றாபியா எனக்கு அண்டைக்கே சொல்லிப்போட்டா. நான் பொட்டை எடுத்தா உங்களுக்கு விளங்கிப்போகும் எண்டுதான் வைச்சுக்கொண்டு திரிஞ்சனான். இந்தப் பேப்பர் உங்களுக்கு வாசிச்சுக் காட்ட எழுதினது. நாளைக்கு மைக்கில அவர் செத்துப்போனார் எண்டுதான் சொல்லப்போறன். அது உங்கட காதில விழக்கூடாதெண்டுதான் வரவேண்டாம் எண்டனான். எங்கட ஆளை இனி ஒருத்தராலயும் கொண்டுவரேலாது மாமி... ஸுஹைப் இன்னும் உயிரோட நிக்கிறான். அவனைத் திருப்பித் தாங்கோ எண்டு கேக்கத்தான் போறன்.