காத்து நின்ற சிவப்புப் பட்டை

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அம்மையார் அவர்களே, அறிவூட்டும் ஆசிரியப் பெருமக்களே, பெற்ற பிள்ளைகளின் பெருமை காண வந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் கைபேசியை மறைக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்!

பச்சிளங்குழந்தைப் பிரிவில் செவிலியராக இருப்பவளுக்குக் கணினி ஆய்வகத் திறப்பு விழாவில் என்ன வேலை? சொல்கிறேன்.

குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பில் காக்கும் பெட்டிக்கு நிரல் எழுதுபவள் என் தம்பி மனைவி. அதைச் சோதிப்பவன் என் தம்பி. சிரிக்கிறீர்களா? ஆம், அந்த வீட்டில் சமையலும் சோதனைக்குத் தப்பாது!

பெட்டிக்குள் ஒரே மூளை; ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். அதற்கு மூன்று வேலைகள். சூடு மிஞ்சினால் மணியடிக்க வேண்டும், திரையில் படம் வரைய வேண்டும், அளவுகளைப் பதிய வேண்டும். மணிக்கே முதலுரிமை. ஆனால் ஒரு சோதனையில் மணி தாமதமாக அடித்தது. மறுபடி ஓட்டினால் ஒழுங்காக அடித்தது!

"நீ எழுதினதுல எங்கயோ தப்பு இருக்கு," என்றான் தம்பி.

"அலாரத்துக்குத்தானே முதல் உரிமை குடுத்திருக்கேன்? அது எப்படி லேட்டாகும்? நீ சரியா பார்த்திருக்க மாட்டே!"

வீட்டிலும் பேச்சு நின்றது. தூது போனவள் நான். என் நெஞ்சோ வேறொன்றுக்குப் பதைத்தது. அழக்கூடத் தெம்பில்லாத சிசு, சூடு தாங்கவில்லை என்று வாய்திறந்து சொல்லுமா? அந்த மணியைத் தவிர அதற்குக் குரல் ஏது?

ஒரு விடுமுறை நாளில், வேலைகளின் வரிசையைப் படமாக ஓட்டிக் காட்டும் பயிற்சி மென்பொருளைத் திறந்தாள் தம்பி மனைவி. "அக்கா, நீங்களே வந்து பாருங்க. யார் சரின்னு தெரிஞ்சிடும்."

நீலப் பட்டை, பதிவு வேலை. மஞ்சள், படம். சிவப்பு, மணி. நீலம் அளவுகளை மற்ற வேலைகள் தொடாதபடி பூட்டிக்கொண்டு எழுதியது. அதே அளவுகளைப் படிக்க வந்த சிவப்பு, பூட்டு திறக்கக் காத்தது. அப்போது மஞ்சள் வந்தது. நீலத்தைவிட உரிமை மிகுந்ததால் அதை நிறுத்திவிட்டு ஓடியது. நீலம் முடியாமல் பூட்டு திறக்காது. மஞ்சள் முடியாமல் நீலம் நகராது. சிவப்பு நின்றது, நின்றது, கெடு கடந்தும் நின்றது!

எனக்கே புரிந்தது. அவள் மூன்று பட்டைகளையும் விரலால் தொட்டுக் காட்டினாள். "ஒவ்வொண்ணும் தனியா சரிதான்க்கா. மூணும் சேரும்போதுதான்..."

பின்னால் நின்று பார்த்த தம்பி, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான். "எனக்கும் இது தோணலடி. வா, சரிபண்ணலாம்."

சிவப்பு காத்திருக்கும்வரை அதன் உரிமையை நீலத்துக்கு இரவல் தந்தார்கள். நீலம் தடையின்றி முடித்தது, பூட்டு திறந்தது, மணி உரிய நேரத்தில் அடித்தது. உண்மைப் பெட்டியிலும் சோதித்து உறுதிசெய்த பிறகே எங்கள் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

செல்வங்களே! உங்கள் ஆய்வகத் திரைகளிலும் இதே பயிற்சி மென்பொருளின் வண்ணப் பட்டைகள் ஓடும். விளையாட்டென்று எண்ணுவீர்களோ? யார் தவறு என்று கேட்டபோது என் வீட்டில் இருவர் பிரிந்தார்கள். என்ன நடக்கிறது என்று பார்த்தபோது ஒரே திரைமுன் சேர்ந்தார்கள். பாருங்கள், பொறுமையாகப் பாருங்கள்! பெயர்கூட வைக்கப்படாத ஓர் உயிர், உங்களை நம்பிக் கண்மூடி உறங்குகிறது.

என்னையும் மேடையேற்றிய அன்புக்கு நன்றி. உங்கள் கைகள் உயிர் காக்கட்டும். வணக்கம்!