டிம் இல்லாத வண்டி

ராத்திரி பத்து மணி. ஆம்பூரைத் தாண்டி, பாலாற்றுக் கரையை ஒட்டிப் போகிற ஒத்தை ரோடு. ஒரு பக்கம் ஆறு... தண்ணீர் இல்லாத ஆறு. இன்னொரு பக்கம் தோல் பதனிடுகிற, மூடிப்போன பழைய டேனரியின் சுவர். கம்பம் இருக்கிறது, விளக்கு இல்லை.

முதலில் எல்லாரும் போன் டார்ச்சை அணையுங்கள். கம்பெனி வேன் ரிப்பேராகி நிற்கிறது, மெக்கானிக் வரும்வரை நமக்கும் வேலையில்லை. அதோ ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறானே வேதாசலம், அவனுடைய சித்தப்பா மகன் வசந்துக்கு நடந்தது இது. நான் எங்காவது கூட்டிச் சொன்னால் அவனே என் வாயை அடைக்கட்டும்.

அந்தச் சுவர் ஓர் இடத்தில் இடிந்து கிடக்கிறது. அங்கே முள் மண்டியிருக்கிறது. முள்ளுக்குப் பின்னால் சுண்ணாம்புக் குழிகள். தோலில் முடி கழல்வதற்காக ஊறப்போடுகிற குழிகள். டேனரி ஓடின காலத்தில், ராத்திரி வேலைக்கு சைக்கிளில் வந்த ஓர் ஆள் மேல் எதிரே வந்த லாரியின் வெளிச்சம் அடித்தது. கண் கூசி, ஒரு கையைத் தூக்கி முகத்தை மறைத்தான். மறைத்த கை மறைத்தபடியே... சைக்கிளோடு குழிக்குள் போய்விட்டான்.

அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் வண்டிக்காரர்கள் லைட்டைத் தாழ்த்தி டிம் போடுவார்கள். எதிரில் ஆள் வந்தாலும் போடுவார்கள், ஒரு நாய்கூட இல்லாவிட்டாலும் போடுவார்கள். லாரிக்காரன் போடுவான். சர்ச் ஐயர் போடுவார், மசூதி ஹஜ்ரத் போடுவார். யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. கட்டைவிரல் தானாகப் போகும்.

நம்ம வசந்த் துரை மட்டும் போடமாட்டான். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டானாம், இதற்கெல்லாம் கட்டைவிரலை அசைத்தால் கௌரவம் குறைந்துவிடுமாம். "செத்தவனுக்கு இன்னாத்துக்குடா டிம்மு?" என்று வேதாசலத்திடமே கேட்டிருக்கிறான்.

அவனுடைய பைக்கில் முதலில் இருந்தது சாதாரண மஞ்சள் பல்பு. பள்ளம் மேடு தெரியும், வீடு போய்ச் சேரலாம், மனுஷனுக்கு அது போதும். இவனுக்குப் போதவில்லை. போனில் எவனோ ஒருத்தன் இருட்டுக் காட்டில் லைட்டைப் போட்டுப் பட்டப்பகலாக்கிக் காட்டியதைப் பார்த்துவிட்டு, வெள்ளை எல்.இ.டி. பல்பு வாங்கிக்கொண்டு மஹபூப் பாஷா கடைக்குப் போனான். பாட்டரியிலிருந்து நேராகத் தனி ஒயர், ரிலே, எல்லாம் போடச் சொன்னான். பழைய ரிஃப்ளெக்டரில் இந்தப் பல்பைப் போட்டால் வெளிச்சம் ரோட்டில் விழாது, எதிரில் வருகிறவன் கண்ணில்தான் சிதறும் என்று பாஷா ஒரு பேச்சுக்குச் சொல்லிவைத்தார். அதோடு அவர் கடமை முடிந்தது.

"எதிர்ல வர்றவன் கண்ண அவன் பாத்துப்பான் பாய். டிம்மே வேணாம். ரெண்டு ஒயரையும் சேத்து பிரைட்லயே குடுத்துடு."

பாஷாவும் சேர்த்துக் கொடுத்தார். அதற்கப்புறம் ஸ்விட்சை மேலே தள்ளினாலும் பிரைட், கீழே தள்ளினாலும் பிரைட். தனக்கு மட்டும் ரோடு தெரிந்தால் போதும் என்கிற ரகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இருக்கிற டிம்மையும் பிடுங்கிப்போட்ட மகானை அப்போதுதான் பார்த்தேன்.

அவன் மாமனார் சுந்தரமூர்த்தி அவன் வீட்டில்தான் இருந்தார். அவன் பெண்டாட்டி சௌந்தர்யா அவருக்கு ஒரே பெண். மனிதருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதுவரைக்கும் வீட்டில் சும்மா உட்கார மனசில்லாமல், ஒரு தோல் குடோனில் நைட் வாட்ச்மேனாகப் போய்வந்தார். அதே ரோடுதான், சைக்கிளில்தான். இவன் வேலை முடிந்து வரும்போது அவர் எதிரே போவார்.

"அப்பாவுக்கு ஒரு லைட்டு வந்தா பத்து லைட்டா தெரியுதுங்க. அந்த டேனரிகிட்டயாவது டிம் போடுங்க," என்றாள் சௌந்தர்யா.

"கண்ணு தெரியலன்னா இன்னாத்துக்கு சைக்கிள் ஓட்றாரு?"

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர் காதில் அது விழுந்தது. மறுநாளிலிருந்து மாப்பிள்ளை வருவதற்கு முன்பே அந்த ரோட்டைக் கடந்துவிட வேண்டுமென்று, சீக்கிரமாகவே கிளம்பிப்போக ஆரம்பித்தார். மாப்பிள்ளைக்கு அது உறைக்கவே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான்... ஒரு ராத்திரி. சுவர் இடிந்த இடம். வெள்ளை வெளிச்சத்தில் தூரத்தில் ஒரு சைக்கிள். ஓட்டுகிறவன் ஒரு கையைத் தூக்கி முகத்தை மறைத்திருந்தான். வசந்துக்குச் சிரிப்பு வந்தது. வேண்டுமென்றே ஹாரனும் அடித்தான். சைக்கிள் பக்கத்தில் வந்து கடந்தது.

சத்தமே இல்லை. செயின் சத்தம் இல்லை, டயர் மண்ணில் உரசுகிற சத்தம் இல்லை. ஒரு வாடை மட்டும்... ஈரச் சுண்ணாம்பும் ஊறின தோலும் கலந்த வாடை. அந்தக் குழிகள் வற்றிப்போய் எத்தனையோ வருஷம். கண்ணாடியில் பார்த்தான். பின்னால் ரோடு காலியாக இருந்தது.

அதற்கப்புறமும் வந்தது. தினமும் இல்லை, நினைக்காத நாளில் வரும். ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் நடு ரோட்டுக்கு, இன்னும் கொஞ்சம் இவன் பக்கத்துக்கு... கை மட்டும் இறங்கவே இல்லை.

பயந்துவிட்டான். இல்லையென்று அவன் சொன்னால் நம்பாதீர்கள். டிம்மைத் திரும்பப் போட்டுவிடலாம் என்று ஒருநாள் பாஷா கடை வாசல் வரைக்கும் போயிருக்கிறான். உள்ளே நாலு பையன்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பேய்க்குப் பயந்து லைட்டைக் குறைத்தான் என்று சிரிப்பார்களே என்று, காற்று மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பிவந்தான். தூ! டீ குடிக்கிற நாலு பையன்களின் சிரிப்புக்கு அஞ்சின அந்தக் கோழைத்தனத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்புறம் அந்த ராத்திரி. சாயந்திரத்திலிருந்து மழை. பெரியவரால் சீக்கிரம் கிளம்ப முடியவில்லை. மழை விட்டதும் அவசரமாகப் புறப்பட்டார். சௌந்தர்யா புருஷனுக்குப் போன் போட்டாள். பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. வண்டி ஓட்டும்போது பெண்டாட்டி போனை எடுக்க அவனுக்கு என்ன தலையெழுத்து?

சுவர் இடிந்த இடம். எதிரே சைக்கிள். முகத்துக்கு முன்னால் தூக்கிய கை... நேராக இவனைப் பார்த்து வந்தது.

கட்டைவிரல் தானாகப் போனது. ஸ்விட்சைக் கீழே தள்ளினான். பிரைட். மேலே தள்ளினான். பிரைட். திரும்பத் திரும்பத் தள்ளினான், அது அவனே பிடுங்கின டிம் அல்லவா, எங்கிருந்து வரும்? பயம் தலைக்கேறி, ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு அதன் மேலேயே விட்டான்.

இந்தத் தடவை சத்தம் கேட்டது. சைக்கிள் மட்கார்டு கடகடவென்று ஆடுகிற சத்தம். பிறகு முள் முறிகிற சத்தம். வாடையும் வந்தது... சுண்ணாம்பு இல்லை. தலைவலித் தைலம். அவன் வீட்டில் தினமும் அடிக்கிற அதே தைல வாடை.

நிற்கவில்லை. வீட்டுக்குப் போய்த்தான் நின்றான்.

"எதிர்ல அப்பாவ பாத்தீங்களா?" என்றாள் சௌந்தர்யா.

"இல்லியே," என்றான். கை கழுவிவிட்டுச் சாப்பிடவும் உட்கார்ந்தான்.

ஆள் டூட்டிக்கு வரவில்லையே என்று குடோனிலிருந்து போன் வந்த பிறகுதான் தேடிப் போனார்கள். வேதாசலமும் போனான். பெரியவர் முள்ளுக்குள் கிடந்தார். உயிர் இருந்தது. முகமெல்லாம் முள், இரண்டு கண்ணிலும் முள். சைக்கிளின் முன் சக்கரம் குழிக்கு மேலே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே போயிருக்க வேண்டிய சைக்கிள் ஏன் போகவில்லை என்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பின்பக்கம் கேரியரில், யாரோ இழுத்துப் பிடித்த மாதிரி ஐந்து விரல் அச்சு... வெள்ளையாக, ஈரமாக, சுண்ணாம்பு.

வேலூரில் கண் வார்டில் சேர்த்தார்கள். எவனோ லைட் அடித்தான், யாரென்று தெரியவில்லை என்றுதான் பெரியவர் போலீசிடம் சொன்னார். வசந்தும் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறப்பதற்குப் பதிலாகக் கமுக்கமாக பாஷாவிடம் போய்ப் பழைய மஞ்சள் பல்பைப் போட்டுக்கொண்டான், டிம்மோடு.

பிறகு மாமனாரைப் பார்க்கப் போனான். பஸ்ஸில்தான் போனான், பட்டப்பகலில். வேதாசலம் பழப்பையோடு பின்னால் போனான். பெரியவருக்கு இரண்டு கண்ணிலும் தடிமனாகக் கட்டு. வெளிச்சத்தின் சாயல்கூட உள்ளே போகாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பக்கத்தில் சௌந்தர்யா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

வசந்த் வாசலில் வந்து நின்றான். செருப்பை வெளியே விட்டிருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவர் கை மெதுவாக எழுந்தது... கட்டுப்போட்ட கண்ணுக்கு முன்னால் போய் மறைத்துக்கொண்டது.

"மாப்ள... டிம் போடுங்க. கண்ணு கூசுது."

சௌந்தர்யா உரிப்பதை நிறுத்திவிட்டுப் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த வார்டில் கண்ணைக் கட்டிப் படுத்திருந்தவர்கள் இன்னும் ஏழெட்டுப் பேர். வசந்த் ஒரு அடி உள்ளே எடுத்து வைத்தான். பக்கத்துக் கட்டில்காரர் கையைத் தூக்கி முகத்தை மறைத்தார். அப்புறம் அதற்கடுத்த கட்டில்... அதற்கடுத்தது...