பாவற்காய்க் கறி எழுதிய கதை

பேரன்போடு இப்பேரவையைப் பேணிவரும் தலைவர் ஸலாஹுதீன் அவர்களே! முன்வரிசையில் முகமலர்ந்திருக்கும் மூத்தோரே! மருதமுனையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த எழுத்துத் தோழர்களே! அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து, மறைப்புக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மாரே! உங்கள் எல்லோர் மீதும் ஏக இறைவனின் சாந்தி பொழியட்டும்!

கதைக்குக் கரு எங்கே? தலைவர் தந்த தலைப்பு இது. எங்கெல்லாம் தேடினேன் நான்! வானத்தில் தேடினேன், வெண்ணிலவில் தேடினேன், காணாத காஷ்மீரத்தில் தேடினேன்! அனுப்பிய பதினொரு கதையும் கொழும்புப் பத்திரிகைகளிலிருந்து திரும்பின. தபால்காரர் குணம் வாசலில் நின்று, "சேர், போனவர் வந்திட்டார்" என்பார்.

கரு என் சோற்றுக் கோப்பையில் கிடந்தது, சபையோரே!

கூரைகளைப் பிடுங்கிப்போன அந்தப் புயலுக்கு மறு வருடம் எனக்குக் கல்யாணம். நம் ஊரில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குக் குடிபோகிறவன்? முதல் நாள் பகலுக்கு மாமி சபியா உம்மா, பக்கத்து வீட்டார் தந்த பாவற்காயில் பால்கறி ஆக்கியிருந்தார். எனக்கோ பாவற்காய் என்றால் பத்து மைல் ஓட்டம். புது மாப்பிள்ளை அதைச் சொல்லலாமா? "நல்லாரிக்கி" என்றேன் மனைவி ஜுனைதாவிடம். வந்தது வினை! மறுநாளும் பாவற்காய். அதற்கு மறுநாளும் பாவற்காய். பொரித்த பாவற்காய், சுண்டிய பாவற்காய், இறாலோடு பாவற்காய்! யாரது பின்னால் சிரிக்கிறது? உங்களுக்கும் கல்யாணம் வரும் தம்பி, இன்ஷா அல்லாஹ்!

மாமியும் மருமகனும் முகம் பார்த்துக் கதைக்காத வீடு அது. ஆறு மாதம் விழுங்கினேன். பிறகு பேனையை எடுத்தேன். சிரித்த முகத்தோடு கசப்பை விழுங்கும் மாப்பிள்ளை ஒருவனை எழுதினேன். முதற்பிடி அடிநாக்கில் போய் நிற்பதையும், அவன் தண்ணீர்க் குவளையைத் தேடித் தடவுவதையும் எழுதினேன். அடித்துத் திருத்த ஒரு வரி இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வந்தேவிட்டது!

கணவன் பெயரை அச்சில் கண்ட பூரிப்பில், ஜுனைதா அதைக் குசினிக்குள் கொண்டுபோய்த் தாய்க்கு உரத்து வாசித்தாள். பாதியில் அவள் குரல் நின்றது. அகப்பைச் சத்தமும் நின்றது. ஆக்கிப்போட்ட கையை ஊருக்கே காட்டிக்கொடுத்தவன், இனி எந்த முகத்தோடு அந்தக் கூரையின் கீழ் இருப்பேன்? என்னைப் பெற்ற உம்மா வீட்டுக்கே போய்விடலாமென்று உடுப்புப் பையைத் தூக்கிவிட்டேன்.

குசினி வாசல் திரை விலகியது. முதன்முதலாக மாமி என் முகம் பார்த்துக் கதைத்தார்.

"மருமகன்! அந்தப் பாவக்காய் எனக்கும் தொண்டைக்குள்ள இறங்காது! உங்களுக்கு விருப்பமெண்டுதானே நானும் ஆறு மாசமாக் கண்ண மூடிக்கிட்டுத் திண்டன்! பைய வெச்சிட்டு வாங்க, மீன் பொரிக்கன்."

அல்ஹம்துலில்லாஹ்! அன்றைக்குத்தான் எனக்கு மூச்சே வந்தது.

எண்ணிப்பாருங்கள்! ஒருவருக்காக ஒருவர் கசப்பைத் தின்றிருக்கிறோம், ஒருவருக்கும் தெரியாது. வாய் சொல்ல வெட்கப்பட்டதை ஒரு கதையல்லவா சொன்னது? எழுத வந்தவர்களே, உங்கள் கோப்பையைப் பாருங்கள்! யார் ஆக்கினார்? யாருக்காக ஆக்கினார்? பிடிக்காமலே சிரித்துக்கொண்டு தின்றது யார்? அதை எழுதுங்கள்!

வாய்ப்பளித்த தலைவருக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், தாய்மார் பக்கத்தில் இப்போது எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கும் என் மாமிக்கும் நன்றி. வஸ்ஸலாம்!