பானெட் மேல் சிங்கம்

"அம்மனை வெச்சுக்கினு வண்டி நடுரோட்டுல நின்னுச்சுன்னா, ஊரே என்னைத்தான் பாக்கும்பா."

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் போகும் ஷேர் ஆட்டோவில், எனக்கு எதிரே இருந்த மீசைக்காரர் சொன்னது இது. சட்டென்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"உன் பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப்புக்கு இன்னா ஆச்சு?" என்றார் பக்கத்திலிருந்த காக்கிச்சட்டை.

"சாயந்திரம் ஊர்வலமாச்சேன்னு காலையில கியர் ஆயிலை நானே மாத்தினேன். இப்போ கியர் போட்டா ரொம்ப நேரம் யோசிச்சுத்தான் நகருது."

"அளவு பாத்தியா?"

"ஸ்டிக்ல ஃபுல் காட்டுச்சே."

"இன்ஜின் ஓடிக்கினு இருக்கும்போதா?"

"ஆஃப் பண்ணிட்டுதான். இன்ஜின் ஆயில் அப்படித்தானே பாப்போம்?"

"கிழிஞ்சுது போ! இதை வண்டி சூடாகி ஓடிக்கினு இருக்கும்போது பாக்கணும்பா. ஆஃப் பண்ணினா ஆயிலெல்லாம் கீழ எறங்கி ஃபுல்லுன்னு காட்டும், நெஜத்துல உள்ள கம்மியா இருக்குது. அப்படியே ஓட்டினா கியர் பாக்ஸ் எரிஞ்சிடும்."

மீசைக்காரர் உடனே வீட்டுக்குப் போன் போட்டார். "டேய், வண்டியை யாரும் எடுக்காதீங்கடா!" கொஞ்ச நேரம் கேட்டார். போனை வைத்துவிட்டுக் காக்கிச்சட்டை பக்கம் திரும்பினார்.

"அலங்காரம் முடிஞ்சிடுச்சாம். பானெட் மேல அம்மனோட சிங்கத்தைக் கட்டிட்டாங்களாம். இப்போ எப்படிபா தொறந்து ஆயில் ஊத்தறது?"

"அம்மன்கிட்ட கன்னத்துல போட்டுக்கினு சிங்கத்தைக் கீழ இறக்கு."

அடுத்த நிறுத்தம் வருவதற்குள், இறங்கி வீட்டுக்குத் திரும்ப மீசைக்காரர் சீட்டின் நுனிக்கு வந்துவிட்டார்.