ஏற்கெனவே வந்த கதை

டீயில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் ஐயா. ஐம்பத்தெட்டு வயதில் உடம்பு சொல்பேச்சுக் கேட்பதில்லை. வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றேன், சம்மதித்தீர்கள். அதற்கும் நன்றி.

என் பெயர் தசரதன். ஜில்லாவைப் பிரித்த வருஷம், 1989இல், திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் நாலு மாடி லாட்ஜில் மேனேஜராகச் சேர்ந்தேன். அதற்கு முன் பதினைந்து வருஷம் சினிமா ரெப். விநியோகஸ்தரின் ஆளாகப் படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போய், தியேட்டரில் எத்தனை டிக்கெட் கிழிகிறது என்று பார்த்து நிற்கிற வேலை. ஒரே படத்தை ஒரு வாரம், தினம் நாலு காட்சி பார்க்கவேண்டும். அப்போது எனக்கு அலுக்கவில்லை. ஒருமுறை பார்த்த கதை எனக்கு மறக்கவும் மறக்காது.

சினிமாக்காரர்கள் பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்த கையோடு எங்கள் லாட்ஜில் ரூம் போட்டுக் கதை கேட்பார்கள். தயாரிப்பாளர் சக்கரவர்த்தி மாதம் தவறமாட்டார். கதை சொல்கிறவர் எதிரில், என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். முடிந்ததும் ஒரே கேள்விதான். "யோவ் தசரதா, இது வந்துடுச்சா?"

முக்காலே மூணு வீசம் வந்துவிட்ட கதையாகத்தான் இருக்கும். எந்த வருஷம், எந்த ஊரில் எத்தனை நாள் என்று சொல்வேன். ஓடிய படம் என்றால் அவருக்குச் சந்தோஷம். "ஓடுச்சில்ல? அப்ப மறுபடியும் ஓடும்யா" என்பார். ஓடாமல் போன கதை என்றால், சொன்னவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுவார். அவ்வளவுதான் அவர் தொழில் ரகசியம்.

ஆக, தெலுங்கில் ஓடியது தமிழுக்கு வந்தது, தமிழில் ஓடியது இரண்டாம் பாகமாக வந்தது. முதல் பாகத்தில் செத்த வில்லனுக்கு இரண்டாம் பாகத்தில் ஒரு தம்பி முளைத்தான். அரைத்த மாவையே அரைத்து, அதில் சுட்ட தோசையைப் புதுசு என்று பரிமாறினார்கள். நான் அலுத்துப் போனவன், ஐயா. இதை நீங்கள் முதலில் புரிந்துகொள்ளவேண்டும்.

2005 சித்திரைப் பௌர்ணமிக்கு இளவரசன் வந்தான். கீழ்பென்னாத்தூர்க்காரன், கடலை மண்டியில் எடை போடுகிறவன், முப்பத்திரண்டு வயது. கையில் பேப்பர்கூட இல்லாமல் கதை சொன்னான்.

ஒரு டவுன் பஸ் டிரைவர். தினம் காலையில் ஒரு ஸ்டாப்பில் ஒரு பெண் நிற்கிறாள். அவர் நிறுத்துகிறார், அவள் ஏறுவதில்லை. வருஷக்கணக்காக இப்படி. ஒருநாள் அவள் அங்கே இல்லை. அவர் அப்படியும் நிறுத்துகிறார், பஸ்ஸை எடுக்க மனம் வரவில்லை. பயணிகள் முதலில் கத்துகிறார்கள், பிறகு ஒவ்வொருவராக இறங்கி, பெயர்கூடத் தெரியாத அவளைத் தேடப் போகிறார்கள். அதுதான் படம்.

"அந்தப் பொண்ணு கிடைக்கிறாளா?" என்று சக்கரவர்த்தி கேட்டார்.

"கிடைக்கிறாங்க சார். உடம்பு சரியில்லாம படுத்திருக்காங்க. ஏம்மா தினமும் வந்து நின்னேன்னு டிரைவர் கேக்கறாரு. எனக்காக ஏதாவது ஒண்ணு நிக்குதான்னு பாக்கத்தான் வந்தேன்னு சொல்றாங்க."

சக்கரவர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வந்துடுச்சுங்க" என்றேன். "தெலுங்குல, அறுபத்திரண்டுல. சின்ன வயசுல சித்தூர்ல பாத்தேன். பேருதான் ஞாபகம் இல்ல. மூணே நாள்ல தூக்கிட்டாங்க."

அப்படி ஒரு படம் இல்லை.

பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அந்தப் படம் வந்தால் நிச்சயம் நூறு நாள் ஓடியிருக்கும். ஓடினால் இரண்டாம் பாகம் எடுப்பார்கள். அதில் பஸ்ஸுக்குள் வெடிகுண்டு வைப்பார்கள். மூன்றாம் பாகத்தில் அந்தப் பெண்ணைப் பேயாக்குவார்கள். கண்ணுக்கு முன்னால் ஒரு நல்ல கதை அப்படிச் சீரழிவதை என்னால் பார்க்க முடியாது. நான் அதைக் காப்பாற்றினேன் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன்.

அவன் அதோடு விட்டிருந்தால் இன்று உயிரோடு இருப்பான். விடவில்லை. தன் கதையை முன்பே யோசித்த அந்த மகானுபாவனைப் பார்க்கவேண்டும் என்று அந்தப் படத்தைத் தேடினான். கோடம்பாக்கம் போனான், சித்தூர் போனான், விஜயவாடாவில் பழைய பாட்டுப் புத்தகம் சேர்க்கும் ஒருவர் வீட்டில் பத்து நாள் உட்கார்ந்தான். இந்த வருஷம் தைப் பௌர்ணமிக்கு முதல்நாள், மத்தியானம் மூன்று மணிக்கு, வீட்டுக்குக்கூடப் போகாமல் பையோடு நேராக லாட்ஜுக்கு வந்தான். கையில் ஒரு நோட்டு இருந்தது.

"சார், அறுபதுலேர்ந்து அறுபத்தஞ்சு வரைக்கும் வந்த அத்தனை தெலுங்குப் படத்தையும் எழுதினு வந்துட்டேன். ஒண்ணுலயும் என் கதை இல்ல. நீங்க வேற எதையோ நெனச்சினு சொல்லிட்டீங்க. பரவால்ல சார், யாருக்குத்தான் மறதி இல்ல? இது என்னுது சார். நாளைக்கு அவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க."

கோபமே இல்லை அவன் முகத்தில். என் கையைப் பிடித்துக்கொண்டான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மாடிக்குப் போய்ப் பேசலாம் என்றேன். மொட்டை மாடியில் துவைத்த பெட்ஷீட்கள் வரிசையாகக் காய்ந்தன. மேற்குப் பக்கம் கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். உயர்த்திக் கட்டச் சொல்லி 1991லேயே முதலாளியிடம் சொன்னேன், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இங்க நின்னு பாரு, மலை முழுசா தெரியும்" என்றேன். நின்று கும்பிட்டான். பெரிய பலம் எதுவும் தேவைப்படவில்லை.

சினிமா சான்ஸ் கிடைக்காமல் வாலிபர் தற்கொலை என்று பத்திரிகையில் நாலு வரி வந்தது. எல்லோரும் நம்பினார்கள். அந்தக் கதை ஏற்கெனவே எத்தனையோ முறை வந்துவிட்டதே.

நானாக இங்கே வந்திருக்கமாட்டேன். அவன் தங்கை அருணாதேவிதான் காரணம். அவளுக்கு என்மேல் சந்தேகம் இல்லை. பக்கத்தில் வேங்கிக்காலில் வேலை. மாசிப் பௌர்ணமியிலிருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் லாட்ஜுக்கு வந்து ஒன்றையே கேட்டாள். "பேரு ஞாபகம் வந்துச்சுங்களா சார்? எங்கண்ணன் கதை மாதிரியே வந்த படமாமே. ஒரே ஒரு தடவ பாக்கணும்."

இல்லம்மா என்பேன். போய்விடுவாள். போன பௌர்ணமிக்கு வந்து, "பேரு வேணாம் சார். அந்த டிரைவரா நடிச்சவரு பாக்க எப்பிடி இருந்தாரு? எங்கண்ணன் சாடை இருந்துச்சா?" என்று கேட்டாள்.

இருந்தது என்றேன். அவள் முகம் அப்படி மலர்ந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளை மறுநாள் மறுபடியும் பௌர்ணமி. அவளை இன்னொரு முறை பார்க்கத் தெம்பில்லை, அதனால்தான் இங்கே வந்தேன். லாட்ஜ் மேஜையின் கீழ் டிராயரில் அந்த நோட்டு இருக்கிறது. அவளிடம் கொடுத்து, அது அவள் அண்ணன் கதைதான் என்று சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்டது இளவரசனைப் பற்றித்தான். அது முடிந்தது. தாள் மீதி இருப்பதால் இதையும் எழுதுகிறேன். 1991 ஆகஸ்டில் கோதண்டராமன் என்று ஒருவன் செய்யாற்றிலிருந்து கதை சொல்ல வந்தான். அதே மாடி, அதே சுவர். மலை முழுசாகத் தெரியும் என்ற அதே வார்த்தை. அவன் சொன்னது இதைவிட நல்ல கதை.

என்ன இருந்தாலும் இரண்டாம் பாகம் முதல் பாகம் மாதிரி வருவதில்லை, ஐயா.