மோதியும் முட்டாத நட்சத்திரங்க

இல்லீங்க தம்பி, கோழிப்பண்ணைக்குள்ள அப்படியே நடந்து வரக்கூடாது. காலை அந்த மருந்துத் தண்ணியில நனைச்சுக்குங்க. ம், இப்ப வாங்க. கௌதமன்னீங்களா பேரு? பெங்களூர்ல எங்க சௌந்தர்யாகூட ஆராய்ச்சி பண்றவரு. சரிங்க. அவ திருச்செங்கோடு போயிருக்கறா, இப்ப வந்துருவா. அதென்னங்க, சும்மா இந்தப் பக்கமா வந்தேங்கறீங்க? மோகனூர் தாண்டி இந்தக் காட்டுக்குள்ள சும்மா ஆருங்க வருவாங்க?

உக்காருங்க. ஆராய்ச்சின்னு சொல்லிப்போட்டு ஆரு வேணும்னாலும் வந்துரலாமுல்ல, அதான் கேக்கறேன். எதைப் பத்திங்க ஆராய்ச்சி? ஆமாங்க, எலிப்டிகல் கேலக்சி. அவளும் அந்தப் பேருதான் சொன்னா. முட்டையாட்டம் இருக்கற நட்சத்திரக் கூட்டம். சிலது பந்தாட்டம் உருண்டையாவும் இருக்குங்களா? அதையும் சொன்னா.

அதெப்படிங்க உண்டாகுது? தட்டாட்டம் சுத்திக்கிட்டிருக்கற ரெண்டு கூட்டம் வந்து மோதுமாக்கும். மோதுனா எல்லாம் பொடியாப் போயிராதுங்களா? முட்டாதா? அத்தனை கோடி நட்சத்திரத்துல ஒண்ணுகூடவா? நடுவுல அவ்வளவு எடம் கெடக்குதுங்கறீங்க. அட, அவ சொன்னதையே வார்த்தை மாறாமச் சொல்றீங்களே. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?

சிரிக்காதீங்க. அப்பறம்? தட்டாட்டம் ஒரே பக்கமாச் சுத்தாம, கொசுக் கூட்டமாட்டம் ஆளுக்கொரு பக்கமாச் சுத்தும். வாயு தீந்துபோச்சுன்னா புதுசா நட்சத்திரம் பொறக்காது. பழசு மட்டும் செவசெவன்னு எரிஞ்சுக்கிட்டே கெடக்கும். அதுக்கா ரெண்டு பேரும் மணிக்கணக்கா போன்ல பேசறீங்க?

ஓ, சண்டைங்களா. என்ன சண்டை? ஒரே மோதல்ல ஆனதுன்னு நீங்க சொன்னீங்க. நடுப்பகுதி ஆதியிலயே வெரசா உண்டாயிருச்சு, அப்பறந்தான் சின்னச் சின்னக் கூட்டமா வந்து சேந்துக்கிச்சுன்னு அவ சொன்னா. சரி, ஆரு சொன்னது நெசமுங்க?

அவ சொன்னதா? நீங்க பாத்துக்கிட்டிருக்கற நட்சத்திரக் கூட்டத்துல அப்படித்தான் தெரியுதா? மீட்டிங்குல எல்லாருக்கும் முன்னால தப்பு எம்மேலதான்னு சொன்னீங்களா? இதை அவ எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே.

டீ ஆறுது, குடிங்க. போலீஸாட்டம் கேட்டுப்போட்டேன், கோவிச்சுக்காதீங்க. என்ற பையன் செத்துப்போனதுக்கப்பறம் ரூமுக்குள்ளயே கெடந்தவளைப் பெங்களூருக்குப் படிக்க அனுப்புனது நாந்தான். இந்தத் தடவை லீவுக்கு வந்தவ உங்க போன் வந்தா மட்டும் எந்திரிச்சுத் தென்னைமரத்துப் பக்கம் போயிர்றா. மாமியாக்காரி என்ன நெனைப்பாளோன்னு பயம். நீங்க எதுக்கு வந்தீங்கன்னு உங்க மொகத்துலயே எழுதியிருக்குது, இல்லைன்னு சொல்லாதீங்க.

அதா, பஸ்ஸு வந்துருச்சு. எறங்கறா பாருங்க. கட்டிக்கறியான்னு நீங்களே கேட்டுருங்க. அத்தை சரின்னுட்டாங்கன்னும் சொல்லுங்க. நான் அந்தச் செட்டுக்குப் போயி தீவனம் போட்டுட்டு வாரேன்.