ஒன்பதாவது மூடி

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, காங்கிரீட் தொழில் செய்யும் நண்பர்களே, அரூர்ச் சாலை ஊர்களிலிருந்தும் மலையிலிருந்தும் வந்திருக்கும் வாடிக்கையாளர்களே, வணக்கம்.

மறைந்த தொழில்முனைவர் மாதம்மாள் என் தம்பியின் மனைவி. வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், அவருடைய பட்டறைக்குக் கலவை விகிதம் சொன்னவள். எனக்கு முன் பேசியவர்கள் அவரைத் தெய்வம் என்றார்கள். தெய்வத்துக்கு முதுகுவலி வருமா? இருபத்தாறு ஆண்டுகள் கழிவுநீர்த் தொட்டி வார்த்த மாதம்மாளுக்கு வந்தது.

ஒரே ஓர் இரும்பு அச்சோடு தொடங்கினார். "பொம்பள கக்கூஸ் தொட்டி செய்யறாளாம்" என்று ஊர் சிரித்தது. "சிரிக்கறவங்க வூட்டுக்கும் ஒண்ணு வேணுமில்ல? சொல்லியனுப்புங்க, செஞ்சு வெக்கிறேன்" என்றார். சிரித்தவர்கள் வாங்கினார்கள். அவர்களில் இருவர் இன்று மேடையில் இருக்கிறார்கள்!

என் தம்பிமார் மூவரின் குடும்பங்கள், ஒரே பட்டறை. கூலிக்கு ஆளில்லை, வார்ப்பதும் நனைப்பதும் நாங்களே. காங்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை, தண்ணீர் குடித்துக் கெட்டியாகிறது. வார்த்த தொட்டி மூடியைச் சாக்குப் போட்டு ஏழு நாள் நனைக்க வேண்டும். "நனைத்தாயா?" என்று ஒருவரை ஒருவர் கேட்பது எங்கள் வீட்டில் அவமரியாதை. அந்த மரியாதைதான் எங்களைக் கவிழ்த்தது.

கடந்த சித்திரையில் குலதெய்வத்துக்குத் திருவிழா. மூத்தவர் குடும்பம் நனைக்கும் என்று இளையவர் குடும்பம் நினைத்தது. இளையவர் நனைப்பார் என்று மூத்தவர் நினைத்தார். நான்கு நாள் ஒன்பது மூடிகள் வெயிலில் வெந்தன. மாதம்மாள் உட்பட யாரும் கேட்கவில்லை. ஒன்பதும் விற்றன.

ஆடியில் ஒரு மூடி உடைந்து, கன்றுக்குட்டி உள்ளே விழுந்து செத்தது. செய்தி வந்த அன்றே மாதம்மாள் சம்மட்டியோடு வண்டியேறினார். தன் கையால் செய்ததைத் தன் கையாலேயே உடைத்தார். புது மூடி போட்டார். உடைந்தது போக ஏழு வீடுகள்! ஒன்பதாவதை வாங்கியவர் சந்தை நாளில் தன் வண்டியிலேயே ஏற்றிப் போனவர். பெயர் கேட்டு வைக்கவில்லை. பேருந்து நிலையத்தில் அறிவிப்பு ஒட்டலாம் என்றார் மாதம்மாள். மகன் வீரமணி தடுத்தான்.

"பேரு போயிருங்கம்மா."

"கன்னுக்குட்டி போச்சு. அடுத்து என்ன போவணும்னு நீயே சொல்லு."

அறிவிப்பு அச்சடிக்கக் கிளம்பிய காலையில்தான் மாதம்மாளின் இதயம் நின்றது.

முதல் வரிசையில் வீரமணி வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறான். "இந்தக் கூட்டத்துல மட்டும் வேண்டாங்க அத்தை" என்று காலையிலேயே சொன்னான். வேறு எந்தக் கூட்டத்தில் சொல்வது? இத்தனை வாடிக்கையாளர்களை வேறெங்கே ஒருசேரப் பார்ப்பேன்? உத்தமி என்று புகழ்ந்துவிட்டு, அவர் முடிக்காத வேலையை மூடி மறைப்பது அஞ்சலியா? நாளை அந்த மூடியில் கால் வைப்பது கன்றுக்குட்டியாகத்தான் இருக்கும் என்று யார் எனக்கு எழுதித் தருவீர்கள்?

ஆகவே கேட்கிறேன். மூடியின் மூலையில் ஆணியால் கீறிய தேதி இருக்கும். ஏப்ரல் இருபது. அது யார் வீட்டில் இருக்கிறது?

பின்வரிசையில் எழுந்து நிற்பவரே, உரக்கச் சொல்லுங்கள்.

"காளியனுங்க, சித்தேரி மலை. எங்க மூடியிலதானுங்க அந்தத் தேதி. சமமா இருக்குதுன்னு அது மேலதான் சாமை காயப் போட்டிருக்கறோம். வூட்டுக்காரி கோழி வெரட்டிக்கிட்டு அங்கயே உக்காந்திருப்பா."

போனில் கூப்பிடுங்கள், காளியன். இப்போதே. இறங்கச் சொல்லுங்கள், சாமையை அள்ளக்கூட நிற்க வேண்டாம்.

"மணி அடிக்குதுங்க. எடுக்க மாட்டேங்கறா."

எடுக்கும்வரை கூப்பிடுங்கள். யாரும் பேசாதீர்கள்.

"எடுத்துட்டாளுங்க! ஏய், எறங்குடி... ஏன் எதுக்குன்னு கேக்காத, எறங்கு! ... எறங்கிட்டாளுங்கம்மா."

நல்லது.

அவையோரே, மாதம்மாளின் பணியைத் தொடர்வோம் என்று நாமெல்லாம் சேர்ந்து சொல்ல ஓர் உறுதிமொழித் தாள் கையில் இருக்கிறது. நானே எழுதியது, அலங்காரம் அதிகம். அதை மடித்து வைக்கிறேன். எங்கள் குடும்பத்தின் உறுதிமொழி இவ்வளவுதான்: பிழையோடு போன எந்தப் பொருளையும், பெயர் போனாலும், ஊரறியக் கேட்டுத் திரும்ப எடுப்போம்.

வீரமணி எழுந்துவிட்டான். வாசலில் வண்டி நிறுத்தியிருப்பவர்கள் எடுத்துவிடுங்கள், எங்கள் லாரி வெளியே போக வேண்டும். மௌன அஞ்சலியை நீங்கள் செலுத்துங்கள். நாங்கள் மலையேற வேண்டியிருக்கிறது.